கொந்தளிக்கும் நோயாளியின் முன்: பேச்சா, ஊசியா, கட்டா?

மனநல வார்டுக்கு முதன்முறையாகப் பயிற்சிக்குச் செல்லும் செவிலிய மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலோருடைய அச்சம் ஒன்றாகவே இருக்கும்: நோயாளி திடீரென்று கொந்தளித்து எழுந்தால் என்ன செய்வது? இதற்கு வார்டில் மூன்று வழிகள் உண்டு. பேசித் தணிப்பது, மருந்து கொடுத்து அமைதிப்படுத்துவது, உடலைக் கட்டி அசைவைத் தடுப்பது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. பேச்சுக்குத் தேர்ச்சி மிகுதியாகத் தேவை, கட்டுக்குத் தேர்ச்சியே தேவையில்லை என்று எண்ணப்படுகிறது. இதன் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி ஆபத்தான தவறு.

எந்த வழியைத் தேர்வதற்கு முன்பும் உடலைப் பார்க்க வேண்டும். இரத்தச் சர்க்கரை இறங்கியவரும், மூச்சுக்காற்று போதாதவரும், தலையில் அடிபட்டவரும், கடும் காய்ச்சலில் நினைவு குழம்பியவரும் மனநோயாளியைப் போலவே கத்தக்கூடும். சர்க்கரை அளவு, ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றைப் பார்க்காமல் போடப்படும் ஊசி, நோயை மறைத்துவிட்டு நோயாளியை உறங்கவைக்கும்.

பேசித் தணிப்பதற்கு உரிய இலக்கணம் தெளிவானது. நோயாளியிடமிருந்து குறைந்தது இரண்டு கை நீளம் தள்ளி, அவருக்கும் நமக்கும் வெளியேறும் வழி அடைபடாதபடி, சற்றே பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கமிருந்து சமாதானம் சொன்னால் குழப்பம்தான் கூடும். வாக்கியங்கள் சிறியவையாக இருக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம், அப்படி எதுவும் இல்லை என்று வாதிடுவதும் ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று நடிப்பதும் ஒரே அளவு தவறானவை. "அண்ணே, எனக்கு அந்தக் குரல் கேட்கல. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று சொல்வது உண்மையும் ஆகும், உதவியும் ஆகும். இந்த வழியை ஒரே நொடியில் பாழாக்குவது, "சும்மா இருக்கீங்களா, ஊசி போடச் சொல்லட்டுமா?" என்ற மிரட்டல். மருந்தைத் தண்டனையாகக் காட்டிய பிறகு, அதே நோயாளி மறுநாள் மாத்திரையை நம்பி விழுங்குவார் என்று எதிர்பார்க்க இயலாது. பேச்சுக்கு எல்லையும் உண்டு. கையில் ஆயுதம் இருப்பவரிடமோ, சொன்னதை மனத்தில் இருத்திக்கொள்ள முடியாத அளவுக்கு நினைவு தடுமாறியவரிடமோ அது மட்டும் போதாது.

மருந்தைப் பொறுத்தவரை முதலில் வாய்வழியாகக் கொடுக்க முயல வேண்டும். மறுத்தால்தான் ஊசி, அதுவும் மருத்துவர் ஆணையின் பேரில். இங்கே நமக்கு அருகிலேயே நடந்த ஆய்வு ஒன்று வழிகாட்டுகிறது. வேலூரில் கொந்தளிப்போடு வந்த 200 நோயாளிகளிடம், மனநோய் மருந்தான ஹாலோபெரிடாலும் ஒவ்வாமை மருந்தான புரோமெத்தசினும் சேர்ந்த ஊசி ஒருபுறமும் பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் லோரசெபாம் ஊசி மறுபுறமுமாக ஒப்பிடப்பட்டு, முடிவுகள் 2004இல் வெளியாயின. இரண்டும் பயன் தந்தன. ஆனால் கூட்டு மருந்து விரைவாக அமைதிப்படுத்தியது. ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால் கழுத்து இழுத்துக்கொள்வதும், கண்கள் மேலே செருகி நிற்பதும், நாக்கு புரளாமல் போவதும் நேரலாம். உடன் சேரும் புரோமெத்தசின் அதையும் தடுக்கிறது.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் கூட்டு ஊசிதான் என்ற முடிவுக்கு மாணவர்கள் வந்துவிடக் கூடாது. பொது மருத்துவ வார்டில் அவர்கள் மிகுதியாகச் சந்திக்கப்போகும் கொந்தளிப்பு, குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கமும் வியர்வையுமாக, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கூறுபவருடையது. அவருக்கு ஹாலோபெரிடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். லோரசெபாம், டயசெபாம் வகை மருந்தே அவருக்கு முதன்மையானது. கூடவே தயமினும் (வைட்டமின் பி1) வேண்டும், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாக. ஆனால் லோரசெபாம் வகை மூச்சை மந்தமாக்கும். ஆகவே எந்த ஊசியானாலும், போட்ட பின் முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, விழிப்புநிலை ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பதே செவிலியரின் உண்மையான வேலை. ஊசி குத்துவது அதில் சிறு பகுதி.

கட்டுவதை மற்ற இரண்டோடு சம தகுதியுள்ள வழியாக நான் ஏற்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு மாணவரும் நினைவில் வைக்க வேண்டும். இரவில் வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் என்பது நிர்வாகம் தீர்க்க வேண்டிய குறை, நோயாளியின் மணிக்கட்டில் தீர்க்கக் கூடியது அன்று. உடலளவிலும் இதுவே மிக ஆபத்தானது. குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தினால் மூச்சு நின்று சாவு நேரலாம். நீண்ட நேரம் அசையாத கால்களில் இரத்தம் உறையலாம். இறுகிய துணி நரம்பை நசுக்கலாம். கட்டப்பட்டவரின் அருகிலிருந்து, விரல்களின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து, தண்ணீரும் கழிப்பறையும் கேட்டுச் செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆளைச் சேமிக்கும் வழி என்று நினைத்துத் தொடங்குவது, முறையாகச் செய்தால் மூன்றிலும் மிகுதியான ஆளைக் கேட்கிறது.

பதிவேட்டில் எழுதுவதிலும் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. "நோயாளி மூர்க்கமாக இருந்தார், ஊசி போடப்பட்டது" என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது. என்ன செய்தார், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, யார் என்ன பேசிப் பார்த்தார்கள், எந்த மருந்து எவ்வளவு எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பவை வேண்டும். கட்டியிருந்தால் முறை, காரணம், நேர அளவு ஆகியவையும் உடனே பதிவாக வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். அவர் தெளிந்த பிறகு, நடந்ததை அவரிடமே சொல்லி, அடுத்த முறை இப்படி வரும்போது எது உதவும் என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்த பணிமுறைக்கு வருபவருக்கு எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்பது தெரியும்.