புது வெட்ஜ் என்று பழசைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்!

கோல்ஃப் கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, விற்கும் சென்னைக் கடைக்காரர் ஒருவர் எனக்கு மூன்று வெட்ஜ்களை (பக்கத்துத் தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கி அடிக்கும் கிளப்) விற்றார்: லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 52, 56, 60 டிகிரி. தலைப்பாகத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, "பிரிக்காத சரக்கு சார்" என்றார். மூன்றுமே பழசு. மெருகு போட்டு, பந்தில் படும் முகத்தில் இருக்கும் கோடுகளைக் கையால் மறுபடி கீறியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

புதிதாக ஆட வருபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஐயர்ன் எனும் இரும்புத் தலை கிளப்களின் செட்டோடு வருவது பிட்சிங் வெட்ஜ். முன்பு அதன் லாஃப்ட் 46, 48 டிகிரி இருக்கும். இப்போது பல செட்களில் 44தான். மைதானத்து மணல் குழியான பங்கருக்கு சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58 வரை. பந்தை உயரத் தூக்கி, குழி இருக்கும் கிரீனில் சட்டென்று நிறுத்த லாப் வெட்ஜ், 60 பக்கம். பிட்சிங்குக்கும் சாண்டுக்கும் நடுவில் விழும் தூரத்துக்குத்தான் கேப் வெட்ஜ்.

என் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி என்பதால்தான் கேப் வெட்ஜாக 52 கேட்டு வாங்கினேன். ஆடும்போது அதுவும் 56-ம் ஒரே இடத்தில் பந்தைப் போட்டன. முதலில் கவனித்தது என் பையைத் தூக்கி வந்த கேடிதான்: "ரெண்டும் ஒரே கிளப் மாதிரி போகுது சார்." லாஃப்ட் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால், 52 என்று முத்திரை குத்திய கிளப் 55 காட்டியது! முன்பு வைத்திருந்தவர் யாரோ வளைத்திருக்கிறார். லாஃப்டை 3 டிகிரி கூட்டினால் பவுன்ஸும் 3 டிகிரி கூடிவிடும். பவுன்ஸ் என்பது கிளப்பின் அடிப்பாகம் தரையோடு வைக்கும் கோணம். தளர்ந்த மணலிலும், கொடைக்கானல் மழைக்காலத்து ஈரப் புல்லிலும் அது அதிகம் இருந்தால் கிளப் மண்ணுக்குள் புதையாது. 1932 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை அமெரிக்க வீரர் ஜீன் சாரசென் வென்றபோது கையில் வைத்திருந்த சாண்ட் வெட்ஜின் சூட்சுமமே இதுதான். ஆனால் சென்னையின் மே மாதத் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். அங்கே பவுன்ஸ் கூடினால் கிளப் தரையில் எகிறிப் பந்தின் நடுவில் இடிக்கும், பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். இறுகிய தரையில் ஆடுகிறேன், பவுன்ஸ் குறைவாக வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கோடுகளின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஓர் இடத்தில் நகம் மாட்டுகிறது, அடுத்த இடத்தில் வழுக்குகிறது. சில கோடுகள் ஓரத்தில் அகன்று பிசிறடித்திருக்கின்றன. 2010-இல் வந்த கோல்ஃப் விதிப்படி இந்தக் கோடுகளின் அளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் வரம்பு உண்டு. கையால் கீறியது அந்த வரம்பைத் தாண்டியிருந்து, அதை வைத்துப் போட்டியில் ஒரு ஷாட் அடித்தாலும் தகுதி நீக்கம்தான். அப்புறம், கிளப் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கும் கறுப்பு வளையத்தையும் பாருங்கள்; என் 60-இல் அதைச் சுற்றிப் பசை வழிந்து காய்ந்திருக்கிறது, கழற்றி மறுபடி ஒட்டியது போல.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். கடையில் கொடுத்த பில்லில் "கிளப் 3" என்று மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கும்போது லாஃப்டை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். புதுசு என்பதையும், லாஃப்ட், பவுன்ஸ், சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.