யூரிடோ சிலேன் ஒரு லிட்டர் டின்: காசுக்கு தகுமா?

கோயமுத்தூர்ல சின்ன பவுண்டரிங்க நம்மளது, பம்ப் பாடி காஸ்டிங் தான் மெயின், ஃப்யூரான் நோ-பேக் மணல்ல (ஃப்யூரான் ரெசினும் ஆசிட்டும் சேர்த்து, சூடு பண்ணாமலே கெட்டியாகற மணல்) மோல்டு, கோர் (காஸ்டிங்குக்கு உள்ள வெத்திடம் வர வைக்கற மணல் கட்டி) எல்லாம் போடறோம். ரெசின்லயே சிலேன் (ரெசின மணலோட ஒட்ட வைக்கற கெமிக்கல்) கலந்து தானே வருது தனியா எதுக்குன்னு நானும் ரொம்ப நாளா கண்டுக்கல. ஆனா ரெசின் டிரம் பழசாக பழசாக கோர் மூலையெல்லாம் கையில பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சுது, ரெசின் அளவ ஏத்துனா வார்க்கும்போது கேஸ் ஓட்டை வேற விழுது. விஷயம் என்னன்னா ரெசின்ல இருக்கற தண்ணி பட்டு சிலேன் மெதுவா உடைஞ்சு தனக்குள்ளயே ஒட்டிக்குது, அப்புறம் மணல புடிக்க அதுல ஆள் இருக்காது.

மொதல்ல அமினோ சிலேன் போட்டு பாத்தோம். போட்ட புதுசுல சூப்பர், கொஞ்ச நாள்ல பழைய கதை. அமினோ பக்கம் காரம், ரெசின்கூடவும் சீக்கிரமா வினை பண்ணிடும். யூரிடோவும் அதுல இருந்து வர்றது தான், அமினோ சிலேனையும் யூரியாவையும் சேர்த்து சூடு பண்ணினா அம்மோனியா வெளிய போயி யூரியா முனை வந்துடும் (ஆமாங்க, வயலுக்கு போடற அதே யூரியா தான்). அந்த முனை சாது, டிரம்ல கம்முனு கெடக்கும். மறுபக்கம் இருக்கற சிலிக்கான் முனை மணலோட சிலிக்காவ கெட்டியா புடிச்சுக்கும். நம்மளே காய்ச்சிக்கலாமான்னு மேஸ்திரி கேட்டாரு, வேண்டாஞ்சாமி, ஈரம் பட்டா மொத்தமும் ஜெல்லாயிடும், அம்மோனியா கண்ண எரிச்சிடும்.

இப்ப குறை. டின்ல இருக்கறது 50% தான், மீதி மெத்தனால். சில்குவெஸ்ட் ஏ-1160 மாதிரி பேர் போன கிரேடும் இப்படித்தான் வருது, அது தப்பில்ல, ஆனா எனக்கு வித்த டீலர் அத வாயத்தொறந்து சொல்லல, நானும் லேபிள படிக்காம பாதி டோஸ் போட்டு ஒரு வாரம் மண்டைய பிச்சுக்கிட்டேன். 10 கிலோ ரெசினுக்கு 0.2% சிலேன் வேணும்னா 20 கிராம், டின்ல இருந்து ஊத்த வேண்டியது 40 கிராம். வெலைய ஒப்பிடறப்பவும் இந்த கணக்க போட்டுட்டு ஒப்பிடுங்க, இல்லைனா யூரிடோ இருக்கறத விட சீப்புன்னு தோணும்.

சரியான டோஸ் போட்டதுக்கு அப்புறம் மூலை உதிர்றது நல்லாவே கொறஞ்சுது, ரெசினையும் பழைய அளவுக்கே எறக்கிட்டோம். ரெசின்ல தான் கலக்கணும், ஆசிட்ல இல்ல. ரெசினையும் ஆசிட்டையும் நேரா ஒண்ணா ஊத்தற வேலையே வச்சுக்காதீங்க, பொங்கி தீயே புடிக்கும்.

இன்னொண்ணு, மெத்தனால் வெஷம், கண்ணு போயிடும், டக்குனு பத்திக்கும். உலை பக்கம் டின்ன தொறந்து வச்ச பையன நல்லா திட்டினேன், இப்ப தனி ரூம்ல பூட்டு போட்டு வச்சிருக்கோம், கையுறை இல்லாம யாரும் தொடறதில்ல.

நாலு ஸ்டார். டிரம்ம மாசக்கணக்குல வச்சு ஓட்டற சின்ன பவுண்டரின்னா வாங்கலாம், வாரத்துக்கு ஒரு டிரம் காலியாகற எடத்துக்கு அமினோவே போதும். அஞ்சு லிட்டர் கேன் வாங்காதீங்க, ஆடி சாரல்ல மூடிய நாலு தடவ தொறந்தா அடியில வெள்ளையா படிஞ்சிடுது.