டேண்டம் ஜம்ப் வீடியோ: குப்புற படுத்து பறக்குறதா, முட்டிய எறக்கி நிமிர்றதா, மல்லாக்க போறதா?

டேண்டம்னா பாசஞ்சர இன்ஸ்ட்ரக்டரோட சேத்து கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே பாராசூட்ல விமானத்துல இருந்து குதிக்குறது. அந்த வீடியோன்னு பேச்செடுத்தாலே எந்த கேமரா, எந்த லென்ஸ்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, உடம்ப எப்படி வெச்சுக்கணும்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. கூடவே குதிச்சு வீடியோ எடுக்குற கேமராமேனுக்கு கேமரா ஹெல்மெட்ல இருக்கு, ஹெல்மெட் தலையில இருக்கு, இடுப்ப கொஞ்சம் அசைச்சாலும் அது ஃப்ரேம்ல தெரியும், அதனால லென்ஸ் பேச்ச விட்டுட்டு உடம்போட பொசிஷன் மட்டும் எடுத்து எது எங்க உதவும், எது எங்க கவுத்துவிடும்னு சொல்றேன்.

மொதல்ல டேண்டம் ஜோடி எப்படி விழுதுன்னு புரியணும். ரெண்டு பேர் எடை சேந்துட்டா வேகம் மணிக்கு 280 கி.மீ. பக்கம் போயிரும், அதனாலதான் வெளிய வந்த சில செகண்ட்லயே இன்ஸ்ட்ரக்டர் ட்ரோக்னு ஒரு சின்ன பாராசூட்ட விட்டுருவாரு, அது மேல இருந்து இழுத்து புடிச்சு வேகத்த மணிக்கு 190 கி.மீ. சுமாருக்கு கொண்டு வந்துரும், அதாவது தனியா குப்புற விழுற ஒரு ஆளோட வேகத்துக்கு. ஆனா எல்லா ஜோடியும் ஒரே வேகத்துல விழாது. ஒல்லியான பாசஞ்சரும் ஒல்லியான இன்ஸ்ட்ரக்டரும் சேந்தா மெதுவா மிதப்பாங்க, அடுத்த லோடுலயே, அதாவது அடுத்த தடவ விமானம் ஏறுறப்பவே, 95 கிலோ ஆளு வந்தாருன்னா கல்லு மாதிரி எறங்கும், ரெண்டு பேரோடயும் அதே கேமராமேன்தான் பறக்கணும். 13,000 அடில குதிச்சு 5,500 அடி பக்கம் கேனபி, அதாவது பெரிய பாராசூட், ஓப்பன் ஆகுற வரைக்கும் கையில இருக்குறது 45 செகண்ட் சொச்சம், அதுக்குள்ள வேகத்த மேட்ச் பண்ணி முன்னாடி போய் நின்னு முகத்த புடிக்கணும்.

சாதாரண பெல்லி பொசிஷன், அதாவது குப்புற படுத்து கை கால விரிச்சு பறக்குறது, எல்லாரும் ஸ்டூடண்டா இருக்குறப்பவே கத்துக்குறது. ஸ்டெடியா இருக்கும், தனியா சூட்டும் தேவையில்ல, நடுத்தர எடை ஜோடின்னா தாராளமா போதும். பிரச்சனை மெதுவா விழுற ஜோடி வர்றப்பதான். வேகத்த கொறைக்க முதுக குவிச்சு கை கால நீட்டணும், அப்படி குவிச்ச உடனே தலை கீழ போவும், ஆனா பாசஞ்சர் முகம் நமக்கு நேரயோ கொஞ்சம் மேலயோ இருக்கும், அதுக்காக கழுத்த பின்னாடி மடக்கி பாக்கணும். ஸ்டில் கேமராவும் வீடியோ கேமராவும் மாட்டுன ஹெல்மெட்ட வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க இப்படி பறந்தா ராத்திரி கழுத்து திரும்பாது.

அதனாலதான் டேண்டம் ஷூட் பண்றவங்க பெரும்பாலும் கேமரா சூட் போடுறாங்க. மணிக்கட்டுல இருந்து இடுப்பு வரைக்கும் துணி விங் இருக்கும், தூக்குற வேலைய அது பாத்துக்கும், அப்ப கால கீழ எறக்கிடலாம். தொடை கீழ தொங்கும், நெஞ்சு நிமிரும், பாக்க பாதி முட்டி போட்ட மாதிரி இருக்கும். இந்த பொசிஷன்ல கழுத்து இயல்பா நேரா நிக்கும், பார்வை தானா பாசஞ்சர் கண்ணுக்கு நேர போவும், எனக்கு இது புடிக்க முக்கிய காரணமே அதுதான். கைய விரிச்சா மேல போவோம், பின்னாடி ஒதுக்கி விங்க சுருக்குனா கீழ எறங்குவோம். முழங்காலுக்கு கீழ கால நீட்டுனா முன்னாடி போவோம், மடக்குனா பின்னாடி வருவோம். மேல கீழ போறது கையோட வேலை, முன்ன பின்ன போறது காலோட வேலைன்னு பிரிச்சுட்டதால தலைய தொந்தரவு பண்ண வேண்டியதே இல்ல, வீடியோ ஆடாம வரும்.

இதுலயும் கஷ்டம் இருக்கு. அந்த வேகத்துல காத்து விங்க தள்ளிக்கிட்டே இருக்கும், நாலஞ்சு லோடு தொடர்ந்து போனா தோள்பட்டை கழண்டுரும் போல வலிக்கும். விங் ரொம்ப பெருசா வாங்கிட்டா வெயிட்டான ஜோடி கீழ போய்க்கிட்டே இருக்கும், நாம மேலயே தொங்கிக்கிட்டு இருப்போம், டேண்டமுக்கு மேல இருக்குறது ட்ரோக் இருக்குற ஏரியா, அங்க நமக்கு வேலையே கிடையாது. உங்க எடைக்கு நடுத்தர சைஸ் விங்தான் நல்லது, மிச்சத்த கால வெச்சு சரி பண்ணிக்கலாம்.

மல்லாக்க பறக்குற பேக்ஃபிளை பாக்க அசத்தலா இருக்கும், மறுக்கல. முன்னாடி கொஞ்சம் கீழ போய் மல்லாக்க படுத்து மேல பாத்தா பாசஞ்சர் முகத்துக்கு பின்னாடி வெறும் நீல வானம், மேல ட்ரோக், கேனபி விரியுறப்ப அவங்க சட்டுன்னு மேல பறக்குற மாதிரி ஒரு ஷாட், இது வேற எந்த பொசிஷன்லயும் இவ்வளவு சுத்தமா கெடைக்காது. ஆனா தரை கண்ணுக்கே தெரியாது, உயரத்துக்கு காதுல கத்துற ஆல்டிமீட்டர நம்பித்தான் இருக்கணும். அதவிட பெரிய விஷயம், விழுற ஒவ்வொரு ஆளுக்கும் மேல கலைஞ்ச காத்து இருக்கும், அதத்தான் பர்பிள்னு சொல்றோம். நாம தெரியாம நேர் கீழ போயிட்டா டேண்டம் நம்ம பர்பிள்ல விழுந்து நம்ம மேலயே வந்து எறங்கலாம். ட்ரோக் சரியா விரியலன்னா அந்த ஜோடி வேகம் எடுத்துக்கிட்டே வரும், அப்ப கீழ இருக்குறவரு கதி என்னன்னு யோசிச்சுக்கோங்க. கீழ இருந்து காத்தடிக்குற பயிற்சி டனல்ல மல்லாக்க ஸ்டெடியா நிக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, ஆபத்துன்னா ஒரே செகண்ட்ல பக்கவாட்டுல வெலகத் தெரியணும். என்னோட கருத்து, இத வேலையா பண்ணாதீங்க, ரொம்ப பழகுன இன்ஸ்ட்ரக்டர்கிட்ட மொதல்லயே சொல்லி வெச்சுட்டு எப்பவாச்சும் பண்ணுங்க. உக்காந்த பொசிஷன், அதான் சிட்ஃபிளை, அத பத்தி பேசவே தேவையில்ல, விங் இல்லாம உக்காந்தா டேண்டமவிட வேகமா கீழ போயிருவோம்.

கோப்ரோ வந்ததுக்கு அப்புறம் நெறய எடத்துல வெளி கேமராமேனே இல்லாம இன்ஸ்ட்ரக்டர் இடது கையில ஹேண்ட்கேம் மாட்டிக்கிட்டு எடுக்குறாரு. காசு கம்மி, முகம் ரொம்ப கிட்டத்துல வரும், கேனபிக்கு கீழ பேசுறதும் சிரிக்குறதும் கூட வரும், வெளி கேமராமேனால அத எடுக்கவே முடியாது. ஆனா ஒரு கைய நீட்டி வெச்சா அந்த பக்கம் காத்து வேற மாதிரி அடிக்கும், ஜோடி மெல்ல சுத்த ஆரம்பிக்கும், அத இன்னொரு கையாலயோ காலாலயோ சரிக்கட்டிக்கிட்டே இருக்கணும். ட்ரோக் விட்டதும் பாராசூட் ஹேண்டில் எல்லாம் தொட்டு செக் பண்றதுதான் அவரோட மொத வேலை, கேமரா அதுக்கு அப்புறம்தான். இந்த வரிசை மாறாத ஆள்கிட்ட மட்டும்தான் ஹேண்ட்கேம குடுக்கணும்.

எக்ஸிட்லயும், அதாவது விமானத்த விட்டு வெளிய குதிக்குறதுலயும், ரெண்டு கட்சி இருக்கு. டேண்டமுக்கு ஒரு நொடி முன்னாடி போறது ஒண்ணு, பின்னாடியே போறது இன்னொண்ணு. முன்னாடி போனா கதவுல நிக்குற பாசஞ்சர் முகம், மேல விமானம், ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வரும், அதுக்காகவே நான் இந்த கட்சி. கேரவன், ட்வின் ஆட்டர் மாதிரி விமானத்துல வெளிய கம்பிய புடிச்சு தொங்கிக்கிட்டு இருந்துட்டு, குதிக்குறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர் முன்ன பின்ன ஆடுறத எண்ணி கைய விடணும். அந்த நேரம் விங் ஒட்டி மூடியே இருக்கணும், பயத்துல கைய விரிச்சா காத்து தூக்கி வால் பக்கமோ டேண்டம் மேலயோ கொண்டு போயிரும். நெஞ்ச விமானம் போற திசைக்கு காட்டுங்க, ஏன்னா மொத சில செகண்ட் காத்து கீழ இருந்து வராது, முன்னாடி இருந்துதான் வரும். பின்னாடி போறது பாதுகாப்பா தோணும், ஆனா அவங்க முதுகுதான் ஃப்ரேம்ல வரும், தொரத்தி புடிக்குறதுக்குள்ள பாசஞ்சரோட மொத ரியாக்‌ஷன் போயிரும்.

எந்த உயரத்துல நிக்கணும்ங்கறது எடத்த பொறுத்தது. சாதாரணமா கண்ணுக்கு நேர இல்லன்னா ஒரு அடி கீழ. துபாய்ல மட்டும் ஒரு விதிவிலக்கு, அங்க பாம் ஜுமைரா மேல குதிக்குறவங்களுக்கு அந்த பனைமர ஷேப் ஃபோட்டோவுல வேணும், வீட்டுக்கு அனுப்புறதே அதுக்குத்தான, அதனால முன்னாடியே நின்னுக்கிட்டு கொஞ்சம் மட்டும் மேல ஏறி கீழ பாத்து எடுக்கணும். அங்க விங்கோட அருமை நல்லா தெரியும், வெறும் பெல்லில அந்த கொஞ்ச உயரத்த புடிச்சு நிக்குறது ரொம்ப சிரமம்.

இன்ஸ்ட்ரக்டர் கைய ஆட்டி சிக்னல் குடுத்ததும் பின்னாடி நகந்துருங்க. நம்ம கேனபிய எடுக்குறப்ப வலது கை பைலட் ஷூட்டுக்கு (கேனபிய வெளிய இழுக்குற குட்டி பாராசூட்) போனா இடது கையும் அதே அளவு உள்ள வரணும், ஒரு விங் மட்டும் விரிஞ்சிருந்தா உடம்பு சாயும், சாஞ்ச உடம்போட ஓப்பன் ஆனா கேனபியோட லைன், அதாவது கயிறு, முறுக்கிக்கும். கழுத்து நேரா, பார்வை தூரத்துல.

அமெரிக்க பாராசூட் சங்கம் கேமரா மாட்ட குறைஞ்சது 200 ஜம்ப் முடிச்சிருக்கணும்னு சொல்லுது, டேண்டமுக்கு அது பத்தவே பத்தாதுன்னு நான் சொல்வேன். மொதல்ல கேமராவ கழட்டி வெச்சுட்டு விங் மட்டும் போட்டுக்கிட்டு அனுபவமுள்ள ரெண்டு ஜம்பர்ஸ் கைகோத்து விழுறப்ப அவங்க முன்னாடி போய் நில்லுங்க, ஒருத்தர் எடை மாறுறப்ப உங்க கால் என்ன பண்ணுதுன்னு கவனிங்க, கால பத்தி யோசிக்காமலே நிக்க வர்ற வரைக்கும் ஹெல்மெட்ல எதையும் மாட்டாதீங்க.