ஒரே சட்டம், இரண்டு தராசு: ஸ்ட்ராஸ்பர்க்கா, ஜெனீவாவா?

பொது இடத்தில் யாரும் முகத்தை மூடக் கூடாது என்று பிரான்ஸ் 2010 அக்டோபரில் சட்டம் போட்டது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். சட்டத்தில் மதம் என்ற சொல்லே கிடையாது. ஹெல்மெட்டுக்கு விலக்கு, விளையாட்டுக்கு விலக்கு, திருவிழா வேஷத்துக்கும் விலக்கு. இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது முஸ்லிம் பெண்கள் சிலர் கண் மட்டும் தெரிய முகத்தை மூடும் நிகாப்தான்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலையில் இது சரி என்றது. 15 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்பு, பெண் சமத்துவம், மனித கண்ணியம் என்று அரசு சொன்ன காரணங்களை நீதிமன்றம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. கடைசியில் பிடித்துக்கொண்டது 'கூடி வாழ்தல்' என்ற ஒன்றை. முகம் தெரிந்தால்தான் பழக முடியுமாம். அந்த நீதிமன்றம் காக்கும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் அப்படி ஓர் உரிமை எழுதப்படவே இல்லை.

அபராதம் விதிக்கப்பட்ட இரண்டு பெண்களின் புகாரை ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழு எடுத்துக்கொண்டது. 2018-ல் அது சொன்னது நேரெதிர்: கூடி வாழ்தல் என்பது பிடிபடாத கருத்து, இதில் யாருடைய எந்த உரிமை கெடுகிறது என்று அரசு காட்டவில்லை. மத சுதந்திரம், பாகுபாடின்மை இரண்டும் மீறப்பட்டன என்று முடித்தது. என் ஓட்டு இந்தப் பக்கம்தான். 2020-ல் கொரோனா வந்தபோது மெட்ரோவில் முகக்கவசம் இல்லாதவருக்கு அதே பிரான்ஸ் 135 யூரோ போட்டது. முகம் தெரியாமலே எல்லோரும் கூடித்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால் பலம் வேறு கதை. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு நாட்டைக் கட்டுப்படுத்தும். நிறைவேற்றியாகிவிட்டதா என்று பார்க்க உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு உண்டு. ஜெனீவா தருவது 'கருத்து' மட்டும். பிரான்ஸ் அதை ஏற்கவில்லை, சட்டம் அப்படியே இருக்கிறது.

சரி, முதல் இடத்தில் தோற்றுவிட்டு அடுத்ததற்குப் போகலாமே? வேறிடத்தில் விசாரித்த விவகாரத்தை ஐ.நா. குழு எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் பிரான்ஸ் இந்தப் புகார் முறையிலேயே சேர்ந்தது. டர்பனோடு போட்டோ எடுக்கக் கேட்ட ஒரு சீக்கியர் டிரைவிங் லைசென்ஸுக்காக ஸ்ட்ராஸ்பர்க் போனார். 2008-ல் வாசலிலேயே தள்ளுபடி. அவரே பாஸ்போர்ட்டுக்காக ஜெனீவா போனார்; அது வேறு விவகாரம் என்பதால் நிபந்தனை தடுக்கவில்லை, 2013-ல் ஜெயித்தார்.