இரண்டு குழந்தைகள், ஒரு சைக்கிள்: சேலத்துச் சாலைகளுக்கு எந்தக் கார்கோ வண்டி?

கன்னங்குறிச்சியிலிருந்து அஸ்தம்பட்டிக்கு ஐந்து வயது மகளையும் இரண்டு வயது மகனையும் நாள்தோறும் சைக்கிளிலேயே அழைத்துச் செல்வது என்று முடிவெடுத்த பிறகு, எந்த வண்டி என்று தீர்மானிக்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. குழந்தைகளையும் சுமைகளையும் ஏற்றவென்றே வடிவமைக்கப்பட்ட கார்கோ சைக்கிள்களில் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு. முன்னால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பெட்டி அமைந்த மூன்று சக்கர வண்டி ஒன்று. ஓட்டுபவருக்கும் முன்சக்கரத்துக்கும் இடையில் தாழ்வாகப் பெட்டி அமைந்த இரு சக்கர வண்டி மற்றொன்று. பின்பக்கம் நீண்டு, கேரியரிலேயே இரண்டு குழந்தைகள் உட்காரக்கூடிய லாங்டெயில் மூன்றாவது. மூன்றையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி இதே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். விளம்பரங்கள் எத்தனை கிலோ தாங்கும் என்பதையே முன்னிறுத்துகின்றன. ஆனால் இரண்டு சிறு குழந்தைகளின் எடை இந்த மூன்றில் எதற்கும் பெரிதன்று. நம் ஊரில் வண்டியைத் தீர்மானிப்பவை சாலையின் ஓரச் சரிவும், வீட்டுக் கேட்டின் அகலமும், பஞ்சர் ஒட்டுபவரிடம் இருக்கும் டயரும்தான்.

மூன்று சக்கர வண்டியைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. நிற்கும்போது சாயாது, குழந்தை தானாகவே ஏறி உட்காரலாம், சைக்கிள் ஓட்டிப் பழகாதவர்கூட ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. இதன் இன்றைய வடிவம் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பில் 1984-இல் உருவானது. அந்நகரம் பெரும்பாலும் சமதளம். சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் உண்டு. அந்தச் சூழலுக்கு அது மிகப் பொருத்தமான வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேலத்தில் நிலைமை வேறு. இரு சக்கர வண்டி சாலையில் ஒரே தடத்தில் போவதால் பள்ளத்தைக் கண்டதும் கைப்பிடியைச் சற்றே திருப்பி ஒதுங்கிவிடலாம். மூன்று சக்கர வண்டிக்கு மூன்று தடங்கள். ஒரு சக்கரத்தைக் காப்பாற்றினால் இன்னொன்று பள்ளத்தில் இறங்கிவிடும். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய தெருக்களில் மூடிகள் சாலை மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்பதால், பெட்டி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் ஆடுகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலை பெட்டியின் விளிம்பில் இடிக்காமல் இருக்க மெத்தை தைத்து ஒட்ட வேண்டியிருந்தது. தவிர, நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. இரு சக்கர வண்டி அந்தச் சரிவிலும் நேராக நிற்கும். மூன்று சக்கர வண்டி சாலையோடு சேர்ந்து சாய்ந்து, சாக்கடையை நோக்கி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். கோரிமேட்டிலிருந்து இறங்கி வந்த நான்கு கிலோமீட்டரில் என் வலது தோள்பட்டை வலித்ததற்குக் காரணம் அதுதான். திருப்பத்தில் நாம் உடலைச் சாய்க்கலாம், வண்டி சாயாது; வேகத்தைக் குறைக்காமல் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். நிற்கும்போது சாயாத வண்டி என்ற நம்பிக்கையில் வாங்குபவர்கள் ஓடும்போது அது கவிழக்கூடிய வண்டி என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் பலவற்றின் அகலம் 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும். எங்கள் வீட்டுக் கேட்டின் அகலம் சரியாக 3 அடி, அதாவது 91 சென்டிமீட்டர். உள்ளே நுழைக்கும்போதெல்லாம் கை முட்டி சிராய்ந்தது.

இரு சக்கரப் பெட்டி வண்டியின் தாய் வடிவமான ‘லாங் ஜான்’ 1920-களில் டென்மார்க்கிலேயே தோன்றியது. முன்சக்கரம் ஓட்டுபவரிடமிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால் கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது. முதல் நாள் எவரும் தடுமாறுவார்கள். சக்கரம் கண்ணில் படாததால் மனம் அதை நம்ப மறுக்கிறது. குழந்தைகளை ஏற்றுவதற்கு முன் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பெட்டியில் வைத்துக்கட்டி, மூக்கனேரிக் கரையோரம் விடியற்காலையில் நான்கு நாள்கள் பழகினேன். பிறகு அந்த வண்டியின் அருமை புரிந்தது. சுமை தாழ்வாக இருப்பதால் மெதுவாகப் போகும்போதும் ஆட்டம் குறைவு. குழந்தைகள் கண் முன்னால் இருக்கிறார்கள். சின்னவன் தூங்கிச் சாய்ந்தால் உடனே தெரிகிறது. பெரியவள் கேட்கும் கேள்விகளுக்கு முகம் பார்த்தே பதில் சொல்ல முடிகிறது. குழந்தையோடு பயணம் செய்வதில் எனக்கு மிகப் பிடித்த வண்டி இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் அதை நான் வாங்கவில்லை. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். குகை, அம்மாபேட்டை போன்ற பழைய பகுதிகளின் லைன் வீடுகளில் அதை நிறுத்த இடமில்லை. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயும் அது அடங்கவில்லை. சாலை கடக்கும் இடங்களில் ஓட்டுபவரின் கண்ணுக்கு வாகனங்கள் தெரிவதற்கு முன்பே குழந்தைகள் இருக்கும் பெட்டி சாலைக்குள் நீண்டுவிடுகிறது. இரு பக்கமும் வாகனங்கள் நிறுத்தப்பட்ட குறுக்குத் தெருவிலிருந்து ஏற்காடு சாலைக்குள் திரும்பிய ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைத்தது. பேருந்தின் புகைக்குழாய் மட்டத்தில் குழந்தைகளின் முகம் இருப்பதும் இதன் குறை. சித்திரை வெயிலில் கண்ணாடித் தாள் கூரை போட்டால் பெட்டி கொதிக்கிறது. துணிக் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால்தான் தாங்கும்.

லாங்டெயில் என்பது நமக்குப் புதியதன்று. கேரியரில் ஒரு பிள்ளை, பாரில் ஒரு பிள்ளை என்று ஏற்றிச் சென்ற நம் அப்பாக்களின் சைக்கிளை நீட்டி, வலுவாக்கி, பாதுகாப்பாக்கியதே அது. நீளம் 2 மீட்டருக்குச் சற்று முன்னும் பின்னும்; மின்மோட்டாரோடு எடை 30 கிலோவுக்கு மேல். வழக்கமான சைக்கிளைப் போலவே ஓடுவதால் பழகுவதற்கு அரை மணி நேரம் போதும். கைப்பிடியை விட அகலமான பகுதி ஏதும் இல்லை என்பதால் நெரிசலில் எந்த இடைவெளியில் என்னால் நுழைய முடிகிறதோ அதில் குழந்தைகளும் நுழைந்துவிடுகிறார்கள். டயருக்காக அம்மாபேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் விசாரித்தபோது, கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்த 20 இஞ்சு நம்மகிட்டயே இருக்குதுங்க அக்கா, சின்னப் பசங்க வண்டிக்குப் போடறதுதான்” என்றார். ஆனால் 20 அங்குலம் என்று மட்டும் சொல்லி டயர் வாங்கிவிடக் கூடாது. அதில் 406 மில்லிமீட்டர் ரிம்முக்கானதும் 451 மில்லிமீட்டர் ரிம்முக்கானதும் உண்டு, ஒன்று மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

லாங்டெயிலின் ஆபத்து ஓட்டத்தில் இல்லை, நிறுத்தத்தில் இருக்கிறது. ஒரு நாள் காலை பள்ளி வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டுச் சின்னவனை இறக்கிக்கொண்டிருந்தேன். பெரியவள் பின்கோடிக்கு நகர்ந்து, பையை எடுக்கத் திரும்பினாள். முன்சக்கரம் மெல்ல எழும்பியது. ஒரு கையில் மகன், மறு கையில் கைப்பிடி. இடுப்பால் வண்டியை அணைத்துப் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பின்னால் இருப்பவளை முதலில் இறக்குவது, ஏற்றும்போது முன்னால் இருப்பவனை முதலில் ஏற்றுவது என்ற ஒழுங்கை நாங்கள் மீறியதில்லை. இரு கால்களும் அகன்று நிற்கும் ஸ்டாண்ட் இல்லாத லாங்டெயிலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சக்கரத்தின் இரு பக்கமும் முழுமையாக மூடிய தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்போக்ஸில் குழந்தையின் பாதமும், சேலை முந்தானையும், துப்பட்டாவும் சிக்குவது நம் ஊரில் பழைய துயரம். பழைய சைக்கிள்களின் சாரி கார்டு ஒரு பக்கத்தை மட்டுமே காக்கிறது.

இனி மலை. கன்னங்குறிச்சியில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, “இதிலேயே ஏற்காடு போகலாமா?” என்பதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். நான், இரு குழந்தைகள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 140 கிலோ. இந்த எடையை அடிவாரத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயர்த்த மட்டுமே சுமார் 420 வாட்-மணி ஆற்றல் வேண்டும். டயர் உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் கூட்டி, என் கால்களின் பங்கைக் கழித்தால், 500 வாட்-மணி பேட்டரி ஏறத்தாழக் காலியாகிவிடும். மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருந்தால், வளைவுகளில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் கீழே போகும்போது அது சரியான சுழற்சி வேகத்தை எட்டாமல் சூடேறும். பெடல் அருகே இருக்கும் நடு மோட்டாருக்கு கியர் துணை நிற்பதால் அந்தத் தொல்லை குறைவு. இறங்கும்போது அந்த 420 வாட்-மணியின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். ரிம்மை அழுத்தும் கட்டை பிரேக்கோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மலையில் இறங்குவது கூடவே கூடாது. தினசரிப் பயணத்துக்குச் சக்கர மோட்டாரே போதும். அடிவாரம் தாண்டும் எண்ணம் இருந்தால் நடு மோட்டாரும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் கட்டாயம். நான் சக்கர மோட்டார் வைத்த லாங்டெயிலை வாங்கினேன். ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகிறோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குக் குறைந்த எடையும் கொண்ட மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் உரிமமும் தேவையில்லை. கனமான மூன்று சக்கர வண்டிகளை வாங்குவோர் இந்த எடை வரம்பைக் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022-இல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளுக்கு அது பொருந்தாது என்பதற்காகப் பட்டையையும் ஹெல்மெட்டையும் விட்டுவிடுவதற்கில்லை. தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட்டின் பாரத்தைத் தாங்க முடியாத கைக்குழந்தைக்கு இந்த மூன்று வண்டிகளில் எதுவும் ஆகாது. பின்னிருக்கைகளில் பெரும்பாலானவை 9 முதல் 22 கிலோ வரைக்கானவை.

பின்னால் கட்டி இழுக்கும் இழுவைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. லாரி ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டாத தாழ்வில் குழந்தை இருக்கும் வண்டியை நம் சாலைகளில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவைக் குறைக்கப் பட்டறையில் கொடுத்து முன்பெட்டி வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். சேலத்தில் இரும்பு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லைதான். ஆனால் மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் போட்டால் பற்றுக்கு அருகில் உலோகம் பலவீனமாகி, மாதக்கணக்கான அதிர்வில் மயிரிழை விரிசல் விடுகிறது. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தில் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கார்கோ சைக்கிள்களிலேயே பிரேம்கள் உடைவதாகப் புகார்கள் வந்து, அந்நாட்டு அரசு விற்பனையை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது. தொழிற்சாலையில் செய்ததற்கே அந்தக் கதி. நான் மாதம் ஒருமுறை வண்டியைத் துடைத்து, பின்கேரியர் பிரேமோடு சேரும் நான்கு பற்றுகளையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பெயிண்ட் கோடாக வெடித்து, அதன் விளிம்பில் துருவின் சாயல் தெரிந்தால் அன்றே குழந்தைகளை இறக்கிவிட வேண்டும்.