ஒரு தெருவைக் கடக்க முக்கால் மணி நேரம்: ஏஎஸ்எல் ஸ்டார்ட்டர் கிட் 1 பலகை விளையாட்டு

"அத்தான், மூணு ஸ்குவாடையும் சேர்த்தா அனுப்புறீங்க? ஒரே கூட்டமாவா?"

மச்சினன் இப்படிக் கேட்டபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஓர் அட்டை என்றால் ஒரு ஸ்குவாட், அதாவது ஒரு சிறு படைக்குழு. அரை அங்குல அட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பலகையில் தெருவின் நடுவில் இருந்த அறுகோணத்தில் வைத்தேன். எதிர்க் கட்டடத்தில் அவனுடைய ஜெர்மன் ஸ்குவாட் ஒன்று, ஒரு நடுத்தர இயந்திரத் துப்பாக்கி, ஒரு நல்ல தலைவன். பகடையில் ஆறு விழுந்தது. இந்த விளையாட்டில் எண் குறையக் குறையச் சுடுகிறவனுக்கு நல்லது. நான் ஓடியதற்கு ஒன்று, வெட்டவெளியில் ஓடியதற்கு ஒன்று, அவன் தலைவனுக்கு ஒன்று என்று கழித்தால் மூன்று. ஒரு ஸ்குவாட் பலகையை விட்டே போனது. மற்ற இரண்டும் மன உறுதி குலைந்து, அதாவது முறிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன. என் முதல் தாக்குதல் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் (ஏஎஸ்எல்) ஸ்டார்ட்டர் கிட் 1. இரண்டாம் உலகப் போரின் காலாட்படைச் சண்டையைப் பலகையில் ஆடும் விளையாட்டு. பெயரே மூச்சு வாங்கும். 1977-ல் ஜான் ஹில் வடிவமைத்து வெளிவந்த ஸ்குவாட் லீடர்தான் இதற்குப் பாட்டன். 1985-ல் அது அட்வான்ஸ்டு ஆனபோது, விதிகள் ஒரு வளையக் கோப்பு நிறையப் பெருத்துவிட்டன. அதைப் பார்த்து மிரண்டு ஓடியவர்களைத் திரும்பக் கூப்பிட 2004-ல் மல்டி-மேன் பப்ளிஷிங் போட்டதுதான் இந்தச் சின்னப் பெட்டி. 12 பக்க விதிப் புத்தகம், இரண்டு வரைபடப் பலகைகள், 6 சினாரியோக்கள் (ஆடுவதற்கான சண்டைகள்), ஜெர்மன், சோவியத், அமெரிக்கக் காலாட்படை, இரண்டு பகடைகள். டாங்கி கிடையாது, பீரங்கி கிடையாது. அவை அடுத்தடுத்த பெட்டிகளில் வரும். இதில் மனிதனும் துப்பாக்கியும் சுவரும் மட்டும்.

12 பக்கம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். பொடி எழுத்தில் பத்தி பத்தியாக, வழக்கறிஞர் எழுதிய பத்திரம் மாதிரி இருக்கும். ஒரு வாக்கியத்தில் மூன்று "தவிர" வரும். நான் இரண்டு முறை படித்தேன், மச்சினன் ஒரு முறை படித்தான். அப்படியும் முதல் நாள் மாலை முழுக்கப் புத்தகமும் கையுமாகத்தான் ஆடினோம். உதாரணங்கள் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் நடக்காது. பாதி புரிந்ததும் பலகையை விரித்து, தப்புத் தப்பாக ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும். அப்புறம் திரும்பப் படித்தால், கல்லாக இருந்த வரிகள் கரைய ஆரம்பிக்கும்.

ஸ்குவாட் அட்டையில், அதாவது கவுன்டரில், மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் சுடுதிறன், இரண்டாவது எவ்வளவு தூரம் சுடலாம், மூன்றாவது மன உறுதி. ஜெர்மன் முன்னணி ஸ்குவாட் 4-6-7. சோவியத்தின் சாதாரண ஸ்குவாட் 4-4-7. சோவியத்தின் இயந்திரக் கைத்துப்பாக்கி ஸ்குவாட், அதாவது எல்லோர் கையிலும் பிபிஎஸ்ஹெச் வைத்திருக்கும் தேர்ந்த ஆட்கள், 6-2-8. இந்த 6-2-8 என்ற எண்ணை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் அறுகோணம் சுமார் 40 மீட்டர். அப்படியென்றால் இவர்களின் துப்பாக்கி உருப்படியாகச் சுடுவது 80 மீட்டர் வரைதான். எதிரில் இருப்பவனுக்கு 240 மீட்டர். தூரத்தில் நின்று சண்டை போட்டால் இவர்கள் செத்தார்கள். கிட்டே போய்விட்டால் இவர்களை அசைக்க முடியாது. ஸ்டாலின்கிராடில் 62-வது படையை நடத்திய சூய்கோவ், எதிரியை ஒட்டிக்கொண்டே இருங்கள், இடைவெளி விட்டால் விமானம் வந்து குண்டு போடும் என்று தன் ஆட்களைச் சின்னச் சின்னத் தாக்குதல் குழுக்களாகப் பிரித்து வீடு வீடாக அனுப்பினார். அந்தப் பாடம் முழுவதும் ஒரு அட்டைத் துண்டின் நடு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. விதிப் புத்தகம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எண்ணே பேசிவிடுகிறது.

பெட்டியிலிருந்த 6 சினாரியோக்களையும் முடித்துவிட்டு, நாங்களாகவே ஒன்று அமைத்தோம். 1942 அக்டோபர், ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலைக்கு வெளியே தொழிலாளர் குடியிருப்பு என்று வைத்துக்கொண்டோம். சோவியத்தின் 37-வது கார்ட்ஸ் டிவிஷன் அங்கேதான் நின்றது. 14-ம் தேதி பெரிய ஜெர்மன் தாக்குதல் வருவதற்கு முந்தைய நாட்கள். பலகையிலுள்ள கட்டடம் எல்லாமே கல் கட்டடம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தெருவுக்கு அந்தப் பக்கம் மூன்று கட்டடங்கள், 6 சுற்றுக்குள் இரண்டையாவது நான் பிடிக்க வேண்டும். உழிஞை எனக்கு, நொச்சி அவனுக்கு. மேலே சொன்ன அவமானம் இந்த ஆட்டத்தில்தான் நடந்தது. மறுநாள் அதையே மறுபடி ஆடினோம்.

மற்ற பலகை விளையாட்டுகளில் என் முறை என்றால் நான் நகர்வேன், எதிராளி வேடிக்கை பார்ப்பான். இதில் அப்படி இல்லை. ஒவ்வொருவர் முறையும் எட்டுக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. முறிந்தவர்களைத் தேற்றுவது, நகருமுன் சுடுவது, நகர்வது, எதிராளியின் தற்காப்புச் சுடுதல், நகர்ந்தவர்கள் சுடுவது, முறிந்தவர்கள் ஓடுவது, ஓரடி முன்னேறுவது, கைகலப்பு. நகரும் கட்டத்தில் நான் ஒவ்வோர் அறுகோணமாகக் காலடி வைக்கும்போதும் எதிராளி "நில்" என்று சொல்லிச் சுடலாம். சுட்டால் அந்த அறுகோணத்தில் பாதி பலத்தோடு மிச்சக் குண்டுமழை தங்கிவிடும். அடுத்து அந்த வழியாக வருகிறவனும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் சுட்டவனுக்கும் விலை உண்டு. சுட்டதும் அவன் தலையில் ஒரு அடையாள அட்டை விழும். இயந்திரத் துப்பாக்கிக்காரனுக்கு மட்டும் பகடை தயவு செய்தால் மறுபடி மறுபடி சுடலாம். மற்றபடி அவனுடைய முழு வெடிப்பு ஒருமுறைதான். அப்புறம் பாதி பலம். அதனால் தாக்குகிறவனின் கேள்வி எப்படி ஓடுவது என்பதல்ல. முதலில் யாரை ஓடவிடுவது?

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது. தமிழில் தூசிப்படை என்று ஒரு சொல் உண்டு, எல்லோருக்கும் முன்னால் போகிற படை. அது எதற்காகப் போகிறது என்பதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில் முதலில் மூன்று 4-4-7-களை ஒரே கட்டடத்தில் தலைவனோடு வைத்து, நகரவிடாமல் சுடவைத்தேன். மூன்று நாலு பன்னிரண்டு பலம். அவன் கல் சுவருக்கு மூன்று கூட்டு, என் தலைவனுக்கு ஒன்று கழி. பகடையில் பத்து. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். புகைக்குண்டு போட்டு மறைத்துக்கொண்டு போகலாம் என்றால், என் சோவியத் கவுன்டர்களில் அதற்கான எண்ணே அச்சிடவில்லை. சரி, வேறு வழியில்லை. மீதமிருந்த ஒரே ஒரு 4-4-7-ஐத் தெருவில் இறக்கினேன்.

மச்சினன் உடனே சுடவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பின்னாலிருந்த 6-2-8-களைப் பார்த்தான். "இவனை விட்டா கிட்ட வந்து நிப்பான். சுட்டா பின்னாடி இருக்கவன் வருவான். நல்லா மாட்டிவிட்டீங்க." இந்தத் தயக்கம் இருக்கிறதே, நான் கொடுத்த காசு இதற்குத்தான். இரண்டு பேரும் ஒரு நிமிடம் பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுட்டான். பக்கத்து அறுகோணம் என்பதால் பலம் இரட்டிப்பு. ஸ்குவாடின் நாலு எட்டாகி, துப்பாக்கியின் ஐந்து பத்தாகி, பதினெட்டு. சுட்டதன் விளைவைச் சொல்லும் பட்டியலில் அதற்கு 16 பலத்துக்கான வரிசை. பகடை இரண்டிலும் நாலு. இந்த முறை அவன் தலைவனை வேறு கட்டடத்தில் வைத்திருந்தான். தலைவன் இல்லாமல் சுடும்போது இரட்டை விழுந்தால் ஆட்கள் மிரண்டுவிட்டதாகக் கணக்கு. பட்டியலில் ஒரு வரிசை கீழே இறங்க வேண்டும், அந்தச் சுற்றில் அவர்களின் ஒழுங்கான சுடுதலும் அதோடு முடிந்தது. என் 4-4-7 முறிந்ததென்னவோ உண்மை. ஆனால் அவன் கை காலியாகிவிட்டது.

அந்த அறுகோணத்தில் மிச்சக் குண்டுமழை கிடந்ததால், முதல் 6-2-8-ஐ அடுத்த அறுகோணம் வழியாக, ஓடாமல் பதுங்கிப் பதுங்கி ஓரடி நகர்த்தினேன். இப்போது அவனிடம் இருந்தது ஒரே ஒரு வழி: மூக்குக்கு எதிரே வந்துவிட்டவனை, வருவது வரட்டும் என்று சுடுவது. அதற்கும் விதியில் இடம் உண்டு, ஆனால் சுடும் பகடையே சுடுகிறவனின் மன உறுதிச் சோதனையும் ஆகிவிடும். அவனுக்கு மன உறுதி ஏழு. விழுந்தது ஆறும் நாலும், பத்து. என்னை ஒன்றும் செய்யவில்லை. அவன் ஆட்கள் முறிந்து, பின்வாசல் வழியாக ஓடினார்கள். இயந்திரத் துப்பாக்கியின் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அது அங்கேயே கிடந்தது. முன்னேறும் கட்டத்தில் என் ஸ்குவாட் காலியான அறைக்குள் நுழைந்தது. ஒரு தெரு. 40 மீட்டர். விளையாட்டுக் கணக்கில் ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடம். எங்களுக்கு முக்கால் மணி நேரம்.

இரண்டாவது கட்டடத்தில் கைகலப்பு. இதில் இருவரும் ஒரே நேரத்தில் உருட்டுகிறோம், யாரும் யாருக்கும் முந்துவதில்லை. ஆறுக்கு நாலு என்ற விகிதத்தில் எனக்கு ஆறுக்குக் கீழே விழ வேண்டும், நாலு விழுந்தது. அவனுக்கு நாலுக்குக் கீழே விழ வேண்டும், மூன்று விழுந்தது. இரண்டு அட்டைகளையும் எடுத்துப் பெட்டியில் போட்டோம். மிஞ்சியது வெறும் வீடு. கடைசிச் சுற்றில் இன்னொரு 6-2-8 அதற்குள் நடந்து போய் நின்றது, ஆட்டம் எனக்கு.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. அரை அங்குல அட்டையை அடுக்குவது கைவேலை. அடியில் இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதைத் தூக்க வேண்டும், தூக்கும்போது பக்கத்து அடுக்கு சரியும். மனைவியின் சாமணத்தைக் கடன் வாங்கினேன், இதுவரை திருப்பித் தரவில்லை. அட்டைகளின் மூலையை நகவெட்டியால் வெட்டிவிட்டால் அடுக்கு ஒன்றில் ஒன்று சிக்காது. இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். நான் வாங்கிய கடையில் பெட்டியைப் பொதியாமல் அப்படியே உறையில் போட்டு அனுப்பியதால் ஒரு மூலை நசுங்கி வந்தது. பலகைகள் கனம் குறைந்த அட்டைதான், விரித்துவைத்ததும் லேசாக எழும்பும். மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்தால் சரியாகிவிடும்.

பதுங்கியிருப்பவனை மறைத்து வைக்கும் விதி இந்தப் பெட்டியில் இல்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்பது எனக்கு எப்போதும் தெரியும். குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பரும் இல்லை. முழு அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடரில் இரண்டும் உண்டு. தொடக்கக்காரனுக்கு இது நல்லதுதான், ஆனால் ஐந்தாறு ஆட்டத்துக்குப் பிறகு அந்த இருட்டு இல்லாதது கொஞ்சம் உறுத்தும். தனியாக ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒளிவு மறைவு இல்லாததால் ஆடலாம். நானும் ஆடிப் பார்த்தேன். ஆனால் எதிரில் தயங்குகிற முகம் ஒன்று இல்லாவிட்டால் பாதி ருசி போய்விடுகிறது.

யார் வாங்கலாம்? கூடவே உட்கார்ந்து தப்பு செய்யத் தயாரான ஓர் ஆள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். பிளாஸ்டிக் பொம்மைகளும் பளபளப்பும் எதிர்பார்ப்பவர்களுக்கு வேறு பெட்டிகள் இருக்கின்றன. பகடை கெட்டால் கோபம் வருகிறவர்களும் வேண்டாம். நல்ல திட்டத்தைக் கெட்ட பகடை கவிழ்ப்பது இதில் வாடிக்கை. கெட்ட திட்டத்தை நல்ல பகடை காப்பாற்றுவதுதான் அபூர்வம்.

அடுத்த வாரம் பக்கம் மாறி ஆடுகிறோம். அவன் கார்ட்ஸ், நான் கட்டடத்துக்குள். "அத்தான், அந்த 4-4-7 பாவம் இல்லையா" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். தெருவில் முதலில் யாரை இறக்குகிறான் என்று பார்க்கிறேன்.