விந்து அலர்ஜியோடு குழந்தைக்கு முயலும்போது: உடலைப் பழக்குவதா, கழுவிய விந்தணுவா?

ஆணுறை இல்லாமல் சேர்ந்தால் பத்தே நிமிடத்தில் எரிச்சல், அரை மணி நேரத்துக்குள் வீக்கம், மறுநாள் வரை சிறுநீர் கழிக்கக்கூட வேதனை. பூஞ்சைத் தொற்று என்று மாத்திரையும் களிம்புமாக எனக்கு நெடுநாள் போனது. ஆணுறை போட்ட நாள்களில் மட்டும் ஒன்றும் வருவதில்லை என்பதை நாங்களே கவனித்துச் சொன்ன பிறகுதான் விந்து அலர்ஜி என்ற பெயர் வந்தது. குழந்தை வேண்டாம் என்றால் அதோடு பிரச்சினை முடிந்திருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது.

முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக விந்துக்குப் பழக்குவது ஒன்று. விந்தணுவைக் கழுவிப் பிரித்து, ஐயூஐ முறையில் கருப்பைக்குள் வைப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதற்குப் போனோம், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இந்த அலர்ஜி மலட்டுத்தன்மை ஆகாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். உடல் சண்டை போடுவது பொதுவாக விந்துத் திரவத்தில் இருக்கும் புரதங்களோடுதான். பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் பிஎஸ்ஏ என்ற புரதம். புராஸ்டேட் பரிசோதனைக்காக ஆண்களுக்கு ரத்தத்தில் பார்ப்பார்களே, அதேதான். (நாயிடமும் இதை ஒத்த ஒரு புரதம் உண்டு. நாய் அலர்ஜி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.) நீந்திப் போகும் விந்தணு இதில் குற்றவாளி இல்லை, அதனால்தான் கழுவிப் பிரிப்பது பலிக்கிறது.

பழக்கும் சிகிச்சையில் கணவரின் விந்தைப் பத்தாயிரம் மடங்கு நீர்க்கச் செய்து பிறப்புறுப்பில் வைப்பதில் தொடங்குகிறார்கள். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அடர்த்தியைக் கூட்டி, கடைசியில் நீர்க்காத விந்து. கடுமையான அலர்ஜி வந்தால் உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். அது பலித்தால் இயல்பாகச் சேர்ந்தே கருத்தரிக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை, எனக்கும் அந்த ஆசை இருந்தது.

என்னைத் தடுத்தது அதற்கு அப்புறம் வரும் பராமரிப்பு. கிடைத்த தாங்குதிறன் நிலைக்க வேண்டுமானால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆணுறையில்லாமல் சேர்ந்தாக வேண்டும். காய்ச்சல், வெளியூர் வேலை, மாதவிடாய், மனம் ஒட்டாத ஒரு வாரம் என்று எந்தக் காரணத்தால் இடைவெளி நீண்டாலும் தாங்குதிறன் கரைந்துபோகலாம். பிறகு மறுபடி முதல் படி. கரு தங்க வாய்ப்புள்ள நாள்கள் ஒரு சுழற்சியில் சுமார் ஆறுதான், ஆனால் பராமரிப்புக்கோ மாதம் முழுவதும் வேண்டும். குழந்தைக்கு முயலும் தம்பதிக்கு ஏற்கெனவே நாள் குறித்துச் சேருவது பாரமாக இருக்கும். அதன் மேல் மருந்து வேளைபோல இன்னொரு அட்டவணையா? என் கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் "முடியாத நாளில் உனக்கு மறுபடி வீங்குமே என்ற பயத்திலேயே எனக்கு முடியாமல் போகும்" என்றார். அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டோம்.

ஐயூஐயில் பராமரிக்க ஒன்றுமில்லை. மற்ற நாள்களில் ஆணுறை. கருமுட்டை வெளிவரும் சமயத்தில் மட்டும் மருத்துவமனை. விந்தை ஆய்வகத்தில் சுழற்றித் திரவத்தை நீக்குகிறார்கள், மெல்லிய குழாய் வழியாகச் சில நிமிடங்களில் வைத்துவிடுகிறார்கள். இங்கே ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கழுவிய பிறகும் துளிப் புரதம் ஒட்டியிருக்கலாம். நாங்கள் அலர்ஜி விஷயத்தை முன்கூட்டியே சொன்னதால் இரண்டாம் முறையும் கழுவினார்கள், கழுவி முடித்து உள்ளே வைக்கவிருந்த கலவையை முதலில் என் தோலில் சோதித்தும் பார்த்தார்கள். தடிப்பு வரவில்லை. முதல் இரண்டு சுழற்சிகள் வீணாகி அழுதிருக்கிறேன். மூன்றாவதில் தங்கியது. கருக்குழாய் அடைப்போ விந்தணுக் குறைவோ இருந்தால் ஆய்வகத்தில் கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்க்கும் ஐவிஎஃப், ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி என்று பேச்சு மாறும். அதிலும் கழுவிய விந்தணுவே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டி அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்வது லேசான அரிப்புக்குச் சரி, அதை நம்பிக் கடுமையான அலர்ஜியோடு விளையாடக் கூடாது. வீட்டிலேயே சிரிஞ்சில் முயல்வதில் பயனில்லை, கழுவாத விந்தில் அந்தத் திரவம் அப்படியே இருக்கிறது.

எனக்கு வந்தது அந்த இடத்தோடு நின்ற எரிச்சலும் வீக்கமும்தான். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியவர்களுக்கு என் அனுபவம் போதாது. அவர்கள் எந்த வழியானாலும் அலர்ஜி மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் ஒன்றாகப் பேசவைத்த பிறகே தொடங்க வேண்டும். பழக்கும் சிகிச்சையை நான் எடுத்துக்கொண்டதும் இல்லை. ஒரே வீட்டில் நாள் தவறாமல் இருக்கும் தம்பதிக்கு, பிள்ளைக்குப் பிறகும் ஆணுறையில்லாத வாழ்க்கை முக்கியம் என்றால், அதுவே பொருந்தலாம். அடுத்த குழந்தைக்கு நாங்கள் மறுபடி ஐயூஐக்குத்தான் போவோம்.